'பழம்' என்பதை 'பயம்' என்று எழுதுகிறதா உங்கள் குழந்தை?

'பழம்' என்று எழுதச் சொன்னால் உங்கள் வீட்டுக் குட்டி 'பயம்' என்று எழுதுகிறதா? உடனே திட்டாதீங்க. மாதவரம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் 'வாயப்பயம்' என்றுதானே பலரும் பேசுகிறோம்! காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது குழந்தை. ஒலியையும் எழுத்தையும் இணைக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுத்து எப்படி வருகிறது?

முதலில் கிறுக்கல். விரல்களுக்குப் பலம் வருவது அப்போதுதான். அடுத்து கோடு, வளைவு. பிறகு ட, ப, ம போன்ற எளிய வடிவங்கள். தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், 12 உயிர், 18 மெய், துணைக்குறியீடுகள் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் கு, சு, து என வடிவம் மாறும் உகர வரிசையும், இரு பக்கமும் குறியீடு வரும் 'கொ', 'கோ'வும் கொஞ்சம் நாள் எடுக்கும். ல-ள-ழ, ர-ற, ன-ண-ந வேறுபாடு கடைசியில்தான் கைவரும். அதற்குக் காது மட்டும் போதாது. சொல்லைக் கண்ணால் பலமுறை பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• மணலில், அரிசி பரப்பிய தட்டில் விரலால் எழுதப் பழக்குங்கள்.
• பஸ் போர்டு, கடைப் பலகை, பால் பாக்கெட் எதுவானாலும் சேர்ந்து படியுங்கள்.
• தப்பான சொல்லை நூறு முறை எழுத வைக்காதீங்க. சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதி, நிதானமாக உச்சரித்துக் காட்டுங்கள்.

பள்ளியில் என்ன நடக்கிறது?

கொரோனா காலக் கற்றல் இடைவெளியைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் 13 அன்று, மாதவரத்துக்கு அருகில், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் இது தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை. 2023-24 முதல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிவானது. குழந்தைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டுக் கற்கிறார்கள்.

உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். மூன்றாம் வகுப்பு முடிந்தும் எளிய சொற்களை எழுதத் திணறினால், 'சோம்பேறி' என்று முத்திரை குத்த வேண்டாம். பார்வை, செவித்திறனைப் பரிசோதியுங்கள். தேவைப்பட்டால் சிறப்பாசிரியரின் உதவி கிடைக்குமா என்று பள்ளியிலேயே விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசலாம்.