எதற்குக் கடிதம், எதற்குக் கைபேசி?

ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர், விஞ்ஞானி ஐயகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனுக்கு (இ.சி.ஐ.எல்.) அடிகோலியவர் அவர். 'இ.சி.' டெலிவிஷன் பெட்டிகளும் கம்ப்யூட்டர்களும் அங்கே உருவாயின. ஆனால் இப்பகுதிக்குப் பிழைக்க வந்த தமிழர்களை ஊருடன் பிணைத்து வைத்தது நீலநிற இன்லண்டு கடிதம்தான்!

இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. அதனால் நன்மையும் உண்டு; மனத்தாங்கலும் உண்டு.

நான்கு மூலை மஞ்சள்

அந்நாளில் கடிதத்தைப் பிரிக்குமுன்பே சேதி தெரிந்துவிடும். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தால் சுபம். கறுப்பு மை இருந்தால் துக்கம். படித்ததும் கிழித்து எறிந்துவிடுவார்கள். அவசரமென்றால் தந்தி. வாழ்த்துத் தந்திக்கான வாசகங்களுக்கு எண் உண்டு; எண்ணைச் சொன்னால் போதும். ஆகவே, ஆயத்த வாழ்த்து அனுப்புவது வாட்ஸ்அப் கொண்டுவந்த வழக்கமல்ல! அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் முடிந்துபோயிற்று.

எது முறை?

ரயில் தாமதம், ஆஸ்பத்திரி, மரணம் போன்றவற்றை உடனே தெரிவிக்கக் கைபேசிக்கு நிகரில்லை. கல்யாண அழைப்பு அப்படியல்ல. தாய்மாமனுக்கும் சம்பந்திக்கும் தாம்பாளத்தில் வைத்து நேரில்தான் தரவேண்டும். தூரத்தில் இருப்பவருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பி, போனிலும் அழைப்பது முறை. பத்திரிகையின் படத்தை மட்டும் அனுப்பினால், 'ஊருக்கெல்லாம் அனுப்பியதை எனக்கும் தள்ளிவிட்டான்' என்ற பேச்சு வருடக்கணக்கில் நிற்கும்.

நல்லதற்கு அழைத்தால் போ. கெட்டதற்கு அழைக்காமலே போ என்பார்கள். வெளிமாநிலத்தில் இருப்பவருக்கு எப்போதும் அது முடிவதில்லை. அதற்காகக் குடும்பக் குழுவில் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. இறந்தவர் செய்த ஓர் உதவியை நினைவுகூர்ந்து, கைப்பட நாலு வரி எழுதலாம். கூட்டமெல்லாம் கலைந்தபின் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள்.

தாத்தாவுக்கு ஒரு கடிதம்

தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுகிறார்கள், எழுதத் தெரியாது. கைபேசியிலும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ். முன்பு தாத்தாவுக்கு எழுதிய கடிதமே வீட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடமாக இருந்தது. மாதம் ஒரு கடிதம் எழுத வைத்தால் அந்தப் பள்ளிக்கூடம் மறுபடியும் திறக்கும். எழுத்துப்பிழை இருந்தால் என்ன? தாத்தா மதிப்பெண் குறைக்கப் போவதில்லை!