தம்புசாமிப் பிள்ளையும் 1873ஆம் ஆண்டும்

ராஃபிள்ஸின் கப்பலில் 1819இல் சிங்கப்பூர் வந்து செங்கற்சூளை போட்ட நாராயண பிள்ளையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் சிலாங்கூருக்கு வருவோம். இங்கே முதலில் வேரூன்றிய தமிழர் யார் என்றால் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர், ராஃபிள்ஸ் பள்ளியில் படித்தவர், டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை 1873இல் அவரே தோற்றுவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த ஆண்டை அந்த மனிதரோடு சேர்த்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காரணம் எளிது. டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றது 1875இல்தான். தம்புசாமியும் அவரோடுதான் அரசுப் பணிக்கு வந்தார். அப்போதும் ஆட்சியின் இருப்பிடம் கிள்ளான். கோலாலம்பூர் தலைநகரானது 1880இல். அன்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போக வேண்டுமானால் ஆற்றோடு படகில் டமன்சாரா படகுத்துறை வரை, அதாவது இன்றைய ஷா ஆலம் வட்டாரம் வரை வந்து, அங்கே இறங்கிக் காட்டுப் பாதையில் ஏற வேண்டும். போன இடத்திலாவது ஊர் என்று ஒன்று இருந்ததா? சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872இல் கோலாலம்பூர் எரிந்து சாம்பலானது. பகாங் படையின் துணையோடு, சிலாங்கூர் சுல்தானின் மருமகன் துங்கு கூடினின் தரப்பு அதை மீட்டது 1873 மார்ச்சில். அங்கிருந்த சீனர்களின் தலைவர் யாப் ஆ லோய் அதன் பிறகுதான் ஊரை மறுபடி எழுப்பத் தொடங்கினார். அந்தச் சாம்பல்மேட்டில், சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை பார்த்த 23 வயது இளைஞர் கோயில் கட்டினார் என்பது நம்பக் கடினம்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. டேவிட்சன் 1875க்கு முன்பே துங்கு கூடினுக்குப் பணம் கொடுத்து உதவியவர். ஈய நிலங்களில் கண் வைத்தவர். முதலாளியின் வேலையாக எழுத்தர் முன்னதாகவே வந்து போயிருக்கலாமே என்று கேட்கலாம். வந்து போயிருக்கலாம். ஆனால் வந்து போவது வேறு, கோயில் வைப்பது வேறு. கோயிலுக்கு அன்றாடம் விளக்கேற்ற ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அங்கே இருந்திருக்க முடியும் என்பதற்குப் போர்க்காலத்திலேயே தடயம் இருக்கிறது: கோலாலம்பூரைக் காக்க நிறுத்தப்பட்ட துங்கு கூடினின் படையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் தமிழர் என்று நான் சொல்லவில்லை. தம்புசாமிக்கு முன்பே நம்மவர்களின் கால் இந்த மண்ணில் பட்டுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். 1873இல் ஒரு கீற்றுக் கொட்டகையில் மாரியம்மன் இருந்தாள் என்றால், வைத்தவர்கள் பெயர் பதியாதவர்கள்.

பிறகு அந்தப் பெருமை ஏன் ஒருவருக்குப் போனது? கோயில் 1920களின் இறுதி வரை பிள்ளை குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. பொறுப்பில் உள்ள குடும்பத்தின் தலைவர் பேரிலேயே தொடக்கமும் சொல்லப்படுவது இயல்பு. அமெரிக்காவின் தொடக்கக் குடியேறிகளைத் தேடுவோருக்கு இந்தச் சிக்கல் குறைவு. வர்ஜீனியாவில் 1624–25இல் எடுத்த கணக்கில் வேலையாட்கள் பலருக்கும்கூடப் பெயர், வயது, வந்த கப்பல், ஆண்டு எல்லாம் உண்டு. குடும்பக் கதையை அந்தப் பட்டியலோடு ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கும் ஆப்பிரிக்கர் பலர் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். யார் பெயர் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்பதை எழுதுகோல் பிடித்தவர்களே தீர்மானித்தார்கள். சிலாங்கூரில் எழுதுகோல் பிடித்த தமிழர் தம்புசாமி.

அவருடைய உண்மையான பெருமை 1875க்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருவூலத்தில் தலைமை எழுத்தராகி, தற்காலிகக் கருவூல அதிகாரி வரை உயர்ந்தார். கோயில் இன்றைய ரயில் நிலையப் பகுதியிலிருந்து இப்போதுள்ள இடத்துக்கு 1885இல் மாறியபோது, அரசு அலுவலகத்தில் செல்வாக்குள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தது எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்துமலை வழிபாடு 1890களின் தொடக்கத்தில் தொடங்கியதிலும் அவர் பங்கு பெரிது. விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்க அறங்காவலர்களில் ஒருவர், ரவாங்கில் சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து ஈயச் சுரங்கத்துக்கு மின்சார பம்பு கொண்டுவந்தவர், 1902இல் மறைந்தார்.

'வந்தேறிகள்' என்று நம்மைச் சொல்பவர்களுக்கு 1873 ஒரு கேடயமாயிற்றே, அதை ஏன் அசைக்கிறீர்கள் என்று சிலர் வருந்தலாம். ஆண்டை நான் அசைக்கவில்லை. அதை ஒரு செல்வரின் சொத்தாக வைக்காமல், போர் நடந்த ஊரில் பிழைக்க வந்த எளியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறேன்.