உறுப்புரிமையும் ஒழுக்கக்கேடும்: உதைபந்தாட்டச் சங்கங்கள் குறித்த ஓர் ஆய்வு

கொஸ்லந்தையைச் சூழ்ந்த மலைகளிற் சமதரை அரிய பொருள். சரிவு முழுவதும் தேயிலைக்கு உரியதாகிவிட, எஞ்சிய ஒரு துண்டு நிலத்தைச் சீர்செய்து மைதானமாக்கிக் கொண்ட தோட்டங்களில், மாலை வேளையிற் பந்து உதைக்கும் இளைஞரைக் காணலாம். அவ்விளைஞருள் ஒருவன் கழகம் ஒன்றிற் பதிவு பெறுவானாயின், தான் அறிந்தோ அறியாமலோ மிக நீண்ட ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிவிடுகின்றான். கழகம் லீக்கின் உறுப்பு. லீக் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உறுப்பு. சம்மேளனமோ கோலாலம்பூரிலுள்ள ஆசியக் கூட்டமைப்புக்கும் சூரிச் நகரிலுள்ள பீபா எனப்படும் உலகச் சம்மேளனத்துக்கும் உறுப்பு. இக்கண்ணிகளைப் பிணைத்து நிற்பதே உறுப்புரிமை. மேலேயுள்ள கண்ணி அறுமாயின் கீழேயுள்ளவனுக்கு யாது நேரும், எத்தகைய குற்றத்தால் அது அறும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வினா வெறும் கற்பனை அன்று. 2023 ஆம் ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேலாக இலங்கைக்கு அது நேர்ந்தது.

முதலில் உறுப்புரிமையின் இயல்பை அறிதல் வேண்டும். ஏனைய உறுப்பினரோடு ஆடும் உரிமை, பொதுப் பணத்திற் பங்கு, பேரவையில் வாக்கு ஆகிய மூன்றும் உறுப்பினனுக்கு உண்டு. இவற்றுக்கு ஈடாக, சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுதலும் தன் காரியங்களைத் தானே நடத்துதலும் அவன் கடமைகள். ஒரு நாட்டுக்கு ஒரு சம்மேளனம் என்பது பீபாவின் நெறி. 211 உறுப்பினரைக் கொண்ட அவ்வமைப்பை விட்டு நீங்கிய நாடு வேறொரு வாயிலாக உலக ஆட்டத்தினுட் புகுதல் இயலாது. ஆகவே உறுப்புரிமையின் இடைநிறுத்தம் ஒன்றே பெருந்தண்டனையாக அமைந்துவிடுகின்றது.

இனி இலங்கையின் செய்தியை நோக்குவோம். 1952 இல் பீபாவின் உறுப்பாகிய நமது சம்மேளனத்தில், யாப்பைத் திருத்துவது பற்றியும் தேர்தலை எவர் விதிகளின்படி நடத்துவது என்பது பற்றியும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் சம்மேளன நிருவாகத்துக்குமிடையே பிணக்கு முற்றியிருந்தது. 2023 ஜனவரி 14 ஆந் திகதி தேர்தல் நடந்து, நுவரெலியா மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஜெ. ஸ்ரீரங்கா தலைவராகத் தெரிவானார். மலையகத்தார் பலர் அச்செய்தியைத் தனியான ஆர்வத்தோடு நோக்கினர் என்பதில் வியப்பில்லை. ஆயின் ஒரு வாரம் கழிந்த 21 ஆந் திகதியே, வெளியார் தலையீடு நிகழ்ந்தது எனக் கூறி மறு அறிவித்தல் வரை இலங்கையின் உறுப்புரிமையைப் பீபா இடைநிறுத்தியது. தேசிய அணியும் கழகங்களும் சர்வதேசப் போட்டிகளில் ஆடலாகாது. பயிற்சிநெறிகளும் அபிவிருத்தி உதவியும் கிட்டா. ஏனைய நாடுகளும் நம்மோடு ஆட்டத் தொடர்பு கொள்ளலாகா. அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களிற் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டி இலங்கை இன்றியே நடந்தேறியது. 1995 இல் அக்கிண்ணத்தைக் கொழும்பில் வென்ற நாடு இது என்பதை எண்ணுவார்க்கு அது சிறிய இழப்பன்று. பணத்தின் அளவும் சிறிதன்று: 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டுத் திட்டத்தில் உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் 80 இலட்சம் டொலர் வரை வழங்கப் பீபா ஏற்பாடு செய்திருந்தது.

இவ்விடத்து ஒரு விந்தையைச் சுட்டாமற் செல்லுதல் இயலாது. அதற்குப் பத்தாண்டுகளின் முன், 2013 இல், நமது சம்மேளனத்தின் முன்னாள் தலைவரும் பீபாவின் நிறைவேற்றுக்குழு உறுப்பினருமாகிய மணிலால் பெர்னாண்டோ ஒழுக்க விதிகளை மீறினார் என அதே பீபாவினால் எட்டாண்டுகள் தடைசெய்யப்பட்டார். பின்னர் மேன்முறையீட்டுக் குழு அத்தடையை ஆயுட்காலத் தடையாக்கியது. உதைபந்தாட்ட உலகில் இலங்கையின் பெயர் அடிபட்ட பெரிய ஒழுக்கக்கேடு இதுவே எனலாம். ஆயினும் அவ்வேளை நாட்டின் உறுப்புரிமைக்கு ஊறு எதுவும் நேரவில்லை. தண்டனை தனிமனிதரோடு நின்றது. ஆட்டங்கள் தடையின்றித் தொடர்ந்தன. ஆக, ஒழுக்கக்கேடு உறுப்புரிமையைப் பறிக்கவில்லை. நிருவாகத்தைத் திருத்தவென வெளியே இருந்து நீண்ட கையே அதைப் பறித்தது.

இதன் காரணம் அறிதற்கு அரிதன்று. கையூட்டுப் பெற்ற அதிகாரியை உலகச் சங்கம் தன் நீதிக்குழுவின் முன் நிறுத்தித் தானே தண்டிக்கலாம். அமைச்சரையோ பாராளுமன்றத்தையோ அவ்வாறு நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அவர்களைத் தடுக்க அதன் கையிலுள்ள ஆயுதம் உறுப்புரிமை ஒன்றே. நமது நாட்டிலோ 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய விளையாட்டுச் சங்கங்களின் பதிவையும் மேற்பார்வையையும் அமைச்சரின் கையில் வைத்துள்ளது. பொதுமக்கள் பணமும் நாட்டின் பெயரும் சம்பந்தப்பட்ட இடத்தில் அரசு வாளாவிருத்தல் வேண்டும் என்பது ஏற்றற்கரிய வாதம். ஆட்சி மாறுந்தோறும் ஆட்டச் சங்கத்தின் தலைவரும் மாறும் நிலை விரும்பத்தக்கதும் அன்று. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனினும் அந்நியாயங்களின் மோதலில் அடிபடுபவன் இரு பக்கத்தையும் சாராதவன் என்பதே வருந்தற்குரியது.

அண்டை நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தல் உரிய காலத்தில் நடவாமையால், 2022 மே மாதத்தில் இந்திய உயர் நீதிமன்றம் நிருவாகிகள் குழு ஒன்றை நியமித்தது. அதனை வெளியார் தலையீடு எனக் கொண்ட பீபா ஓகஸ்ட் நடுப்பகுதியில் இந்தியாவை இடைநிறுத்தியது. அவ்வேளை கோகுலம் கேரளா கழகத்தின் மகளிர் அணி ஆசியக் கழகப் போட்டிக்கெனத் தாஷ்கந்து நகரை அடைந்துவிட்டிருந்தது. தேர்தலைப் பிற்போட்டவரும் அவர்கள் அல்லர். குழுவை நியமித்தவரும் அவர்கள் அல்லர். ஆடாமலே திரும்பியவர் அவர்களே. நீதிமன்றம் குழுவைக் கலைத்தபின் அம்மாதம் 26 ஆந் திகதி தடை நீங்கிற்று. ஒக்டோபரில் நடைபெறவிருந்த பதினேழு வயதிற்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணமும் இந்தியாவிலேயே நடந்தது. பெரிய போட்டி காப்பாற்றப்பட்டது. தாஷ்கந்து சென்றவர்களின் வாய்ப்பு மட்டும் மீளவில்லை.

நிற்க, உறுப்புரிமையை இடைநிறுத்தும் சங்கம் ஆட்டக்காரரையும் நிறுத்தியே ஆகவேண்டுமோ எனின், அன்று என்பதற்குக் கிரிக்கெட் சான்று தருகின்றது. 2023 நவெம்பர் 2 ஆந் திகதி மும்பையில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்களுக்கு அனைவரும் ஆட்டமிழந்து 302 ஓட்டங்களால் இலங்கை தோற்றதை எவரும் மறந்திரார். 6 ஆந் திகதி அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிருவாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 9 ஆந் திகதி நிருவாகம் விலகவேண்டும் எனப் பாராளுமன்றம் தீர்மானித்தது. 10 ஆந் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. ஒன்பது நாட்களில் ஒரு நாடகமே முடிந்துவிட்டது! ஆயின் அடுத்து அகமதாபாத்திற் கூடிய பேரவையின் பணிப்பாளர் சபை, இலங்கை அணி தொடர்ந்து ஆடலாம், பணம் மட்டும் பேரவையின் கட்டுப்பாட்டில் வழங்கப்படும் என முடிவு செய்தது. இலங்கையில் நடைபெறவிருந்த பத்தொன்பது வயதிற்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. நமது இளைஞர் அங்கு சென்று ஆடினர். அமைச்சர் அம்மாதம் 27 ஆந் திகதி பதவி நீக்கப்பட்டார். 2024 ஜனவரி 28 ஆந் திகதி இடைநிறுத்தம் முடிவுற்றது.

எனவே நிருவாகத்தை ஒறுத்து ஆட்டக்காரரை விடுத்தல் இயலும். பேரவை இதனை எல்லார்க்கும் பொதுவான நீதியாகக் கொண்டதோ எனின், ஐயத்துக்கு இடமுண்டு. 2019 ஜூலையில் இதே காரணத்துக்காகச் சிம்பாப்வே இடைநிறுத்தப்பட்டபோது, அதன் ஆடவர் அணியும் மகளிர் அணியும் இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கான தகுதிப் போட்டிகளில் இடமிழந்தன. ஆட்ட அட்டவணையிலும் தொலைக்காட்சி வருவாயிலும் கனமான நாட்டுக்கு ஒரு தராசும் இலேசான நாட்டுக்கு வேறொரு தராசும் வழங்குகின்றனவோ என்று வினவத் தோன்றுகின்றது.

கல்லூரிகளே உறுப்பினராய் அமைந்த சங்கங்களில் இவ்வினா எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பது கல்லூரி வாசகர்க்குப் பயன்படும். அதற்கு அமெரிக்காவை நோக்கவேண்டும். அங்கு உதைபந்தாட்டம் எனப்படுவது முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் பத்துப் பன்னிரண்டாகக் கூடிக் கூட்டமைப்புகளாகத் தம்முள் ஆடி, வருவாயைப் பங்கிட்டுக்கொள்வது நெடுநாள் வழக்கம். இக்கூட்டமைப்புகளுக்கு மேலே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் உண்டு. அங்கே அரசின் தலையீடு அன்று, கல்லூரியின் குற்றமே நேரே விசாரணைக்கு வருகின்றது.

டெக்சாஸ் மாநிலத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் கதை அந்நாட்டார் வாயில் இன்றும் பயில்வது. ஆட்டக்காரருக்கு ஊதியம் கொடுத்தல் விதிக்கு மாறான காலத்தில், ஏற்கெனவே தண்டிக்கப்பட்டு மேற்பார்வையில் இருந்தபோதே, பதின்மூன்று ஆட்டக்காரருக்கு இரகசியமாக 61,000 டொலர் வழங்கப்பட்டமை வெளிப்பட்டது. 1987 பெப்ரவரியில் தேசியச் சங்கம் அவ்வாண்டின் ஆட்டம் முழுவதையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டும் பல்கலைக்கழகம் தானே ஆட்டத்தைக் கைவிட்டது. மாணவர் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறி உடனே ஆடலாம் என அனுமதிக்கப்பட்டமையாற் பலர் நீங்கினர். கூட்டமைப்பு அப்பல்கலைக்கழகத்தை நீக்கவில்லை. நீக்குதற்கு அதன் ஏனைய உறுப்பினருக்கும் முகமில்லை. அவருட் பலர் அப்பத்தாண்டில் தாமும் விதிமீறித் தண்டனை பெற்றவரே.

ஆயினும் உறுப்புரிமை வேறு வழியாகப் போயிற்று. 1914 இல் தோன்றிய அத்தென்மேற்குக் கூட்டமைப்பிலிருந்து ஆர்க்கன்சோ பல்கலைக்கழகம் விலகுவதாக 1990 இல் அறிவித்தது. தொலைக்காட்சிப் பணம் பெருகிய காலம் அது. மதிப்பிழந்த கூட்டத்தில் இருக்கப் பெரியவர் விரும்பவில்லை. 1996 இற் கூட்டமைப்பே கலைந்தபோது நான்கு பல்கலைக்கழகங்கள் புதிய பெருங்கூட்டமைப்பில் இடம்பெற்றன. சதர்ன் மெதடிஸ்ட் அழைக்கப்படாது, வருவாய் குறைந்த வேறோர் அணியிற் சேர்ந்தது. 1984 ஆம் ஆண்டுக்குப் பின் பருவ இறுதிச் சிறப்பாட்டம் ஒன்றில் அது இடம்பெற 2009 வரை காத்திருந்தது. பெருங்கூட்டமைப்பு ஒன்றினுள் மீண்டும் நுழைய 2024 ஆயிற்று. எவரும் வெளியேற்றாமலே வெளியில் நின்ற காலம் ஏறத்தாழ முப்பதாண்டு.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் செய்தி இதனினும் கொடிது. அதன் முன்னாள் துணைப் பயிற்றுநர் சிறுவர்களைப் பாலியற் கொடுமைக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காக 2011 இற் கைதாகி, மறு ஆண்டிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2012 ஜூலையிற் பல்கலைக்கழகத்துக்கு ஆறு கோடி டொலர் தண்டமும், நான்காண்டு சிறப்பாட்டத் தடையும் விதிக்கப்பட்டன. அது சார்ந்த பிக் டென் கூட்டமைப்பும் சிறப்பாட்ட வருவாயில் அதற்குரிய பங்காகிய ஏறத்தாழ 130 இலட்சம் டொலரை மறுத்தது. உறுப்புரிமையையோ தொடவில்லை. அங்கும் மாணவர் விரும்பின் வேறிடம் சென்று தாமதமின்றி ஆட வழி விடப்பட்டது.

இவ்வழி விடுதலே நமது கவனத்துக்குரியது. அமெரிக்க மாணவன் தன் கல்லூரி தண்டிக்கப்பட்டால் மற்றொரு கல்லூரிக்குச் செல்லலாம். கொஸ்லந்தையில் ஆடுபவன் தன் சம்மேளனம் தண்டிக்கப்பட்டால் வேறொரு சம்மேளனத்துக்குச் செல்ல முடியாது. அவனுக்கு நாடு ஒன்றே. பதினெட்டு வயதினன் ஒருவன் தேசிய இளையோர் அணிக்குத் தகுதி பெறும் காலம் ஓரிரண்டு ஆண்டுகளே. அவற்றில் ஏழு மாதம் போயின், மேலிடத்தார் சமரசமாகும்போது அவன் வயது கடந்துவிட்டிருப்பான். பாடசாலைப் போட்டிகளில் வயது கடந்த ஒருவனை ஆடவிட்ட குற்றத்துக்காக அணி முழுவதும் வெற்றியை இழப்பதை ஆசிரியர்கள் அறிவர். அங்கேனும் குற்றத்தின் பயனை அணி சிறிது நுகர்ந்தது எனலாம். சம்மேளனத் தேர்தலின் பயனை ஊவா மலைச் சிறுவன் நுகர்ந்தான் என எவ்வாறு கூறுவது? நிருவாகிகளின் வாக்குரிமை, பயணம், பணம் ஆகியவற்றை முதலில் நிறுத்தி, ஆட்டக்காரரை இறுதியிலேயே தொடுமாறு விதியை வரிசைப்படுத்தல் இயலாத காரியம் அன்று. 2023 இற் கிரிக்கெட் பேரவை அகமதாபாத்திற் செய்தது ஏறத்தாழ அதுவே.

பீபா 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை மீதான இடைநிறுத்தத்தை நீக்கியது. செப்டெம்பர் 29 ஆந் திகதி நடைபெற்ற புதிய தேர்தலில், முன்னர் தலைவராயிருந்த ஜஸ்வர் உமர் மீண்டும் தெரிவானார். அதன்பின் இரு வாரமும் நிறைவதற்குள் தேசிய அணி உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் யேமனை எதிர்கொள்ளவேண்டியதாயிற்று. ஒக்டோபர் 12 ஆந் திகதி நடந்த முதல் ஆட்டத்தில் மூன்று கோல்களால் இலங்கை தோற்றது. 17 ஆந் திகதி கொழும்பில் நடந்த இரண்டாம் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் முடிவுற்றது.