தொடை இடுக்கில் ஒரு வீக்கம்

குடலிறக்கத்தை, வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் பலர் ஒதுக்கி வைக்கிறோம். வயிற்றுச் சுவரில் தசை நலிந்த ஓரிடத்தின் வழியே குடலோ, குடலைப் போர்த்தியுள்ள கொழுப்போ வெளியே பிதுங்குவதே இந்நோய். இருமும்போதும் சுமை தூக்கும்போதும் வீக்கம் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். இப்படி வந்து போவதால்தான் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

நோயாளியை நிற்கவைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் இதை உறுதி செய்துவிடுவார். ஆனால் தொடை இடுக்கில் வீங்குவதெல்லாம் குடலிறக்கமன்று. நிணநீர்க் கணு வீக்கமாகவோ, தீங்கற்ற கொழுப்புக் கட்டியாகவோ இருக்கலாம். மிக அரிதாக, ஆண்களின் விந்து நாணைச் சூழ்ந்த பகுதியில் லைப்போசார்கோமா என்னும் புற்றுக்கட்டி வளர்வதுண்டு. பார்வைக்குக் குடலிறக்கம் போலவே இருப்பதால், அறுவை மேசையில்தான் அது கண்டறியப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பல பதிவுகள் உள்ளன. கெட்டியாக இருந்து, படுத்தாலும் மறையாமல், மெல்ல வளரும் கட்டிக்கு ஸ்கேன் தேவை. புற்றாயின் கட்டியை விந்து நாணுடனும் அப்பக்கத்து விதையுடனும் ஒருசேர அகற்றுவதே வழக்கம். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப அறுவையைத் திட்டமிடலாம்.

குடலிறக்கத்துக்கு மாத்திரையோ பெல்ட்டோ தீர்வாகா. தொல்லை தராத சிறு வீக்கமுள்ள ஆண்களை மருத்துவர் சில காலம் கண்காணிப்பில் வைப்பதுண்டு. வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகிவிடும்.

தசையை இழுத்துத் தைப்பதே முன்பு வழக்கம். இப்போது நலிந்த இடத்தில் பாலிபுரொப்பிலீன் வலை வைக்கப்படுகிறது. இவ்வலையின் விலை எளியோருக்கு எட்டாததைக் கண்ட மகாராஷ்டிர மாநிலம் தோண்டாய்ச்சாவின் அறுவை மருத்துவர் டோங்காவ்கர், கொசுவலைத் துணியை நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தி, 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். (வீட்டுக் கொசுவலையை வெட்டி வைத்தாரென்று எண்ண வேண்டாம், முறைப்படி தூய்மையாக்கிய துணி அது.) பின்னர் உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் இத்தகைய வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் நோய் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டில் எவ்வகை வலை, என்ன விலை, ஏன் அது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் குடலிறக்கத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 முதல் ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு விதித்துள்ள உச்ச வரம்பு 36 மாதங்கள். பாலிசி எடுக்குமுன்பே வீக்கம் இருந்தால் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும்; மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். காத்திருப்புக் காலம் மீதமிருந்தால், அறுவையை அதுவரை தள்ளிவைக்க இயலுமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.