ஒரு விளக்கு, இரண்டு விசைகள்

இரவில் கடலில் செல்லும் படகு, தன் நிலையை விளக்குகளின் மூலமே பிறருக்கு உணர்த்துகிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு அனைத்துலக விதிமுறைகள் இவ்விளக்குகளை வரையறுத்துள்ளன. 12 மீட்டருக்கும் குறைவான நீளமுடைய இயந்திரப் படகு ஓடும்போது, இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரிய வேண்டும். அவற்றோடு, எல்லாத் திசைகளிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றையும் பயன்படுத்தலாம். நங்கூரமிட்டு நிற்கும்போது அந்த வெள்ளை விளக்கு மட்டும் எரிந்தால் போதும்.

ஆகவே, சிறு படகில் வெள்ளை விளக்கை எரிய வைக்க இரண்டு விசைகள் தேவைப்படுகின்றன. பயண விசை மூன்று விளக்குகளுக்கும் 12 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது. நங்கூர விசை வெள்ளை விளக்குக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

இரு விசைகளின் கம்பிகளையும் வெள்ளை விளக்கில் நேரடியாக இணைத்தால் என்ன நேரும்? நங்கூர விசையை மட்டும் அழுத்தினாலும் மூன்று விளக்குகளும் எரியும். வெள்ளை விளக்கை அடையும் மின்னோட்டம், பயண விசையின் கம்பி வழியே பின்னோக்கிச் சென்று மற்ற இரண்டையும் எரிய வைத்துவிடும். அதனால், நிற்கும் படகு ஓடும் படகைப் போலத் தோன்றும். எதிரே வருபவர் அது விலகிச் செல்லும் என்று எண்ணினால் விபத்து நேரலாம்.

இச்சிக்கலைத் தீர்க்க டையோடு எனும் சிறிய மின்னணுப் பொருள் உதவுகிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் வால்வு காற்றை உள்ளே விட்டு, வெளியேறாமல் தடுப்பது போல, டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். பயண விசையிலிருந்து வெள்ளை விளக்குக்குப் பிரிந்து செல்லும் கம்பியில் இதனைப் பொருத்த வேண்டும். கோடிட்ட முனை வெள்ளை விளக்கை நோக்கி இருப்பது அவசியம். திசை மாறினால், பயணத்தின்போது வெள்ளை விளக்கு எரியாது.

சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.7 வோல்ட் மின்னழுத்தத்தைக் குறைக்கும். விளக்குக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தாங்கவல்ல டையோடையே தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் இருக்க, உருகியையும் பொருத்த வேண்டும்.

பணி முடிந்ததும் ஒவ்வொரு விசையையும் தனித்தனியே அழுத்திச் சோதிக்க வேண்டும். எரிய வேண்டிய விளக்கு எரிகிறதா என்பதோடு, எரியக்கூடாத விளக்கு அணைந்திருக்கிறதா என்பதையும் உறுதிசெய்த பின்னரே படகைக் கடலில் செலுத்த வேண்டும்.