தக்காளியைத் திருகியது யார்?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். லைன் வீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் தக்காளியும் அவரையும் போட்டிருந்தாராம். ஒரே வாரத்தில் எல்லாம் திருகிக்கொண்டன. வேலியும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்ததால், இடத்தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டார் ராத்திரியில் களைமருந்து ஊற்றிவிட்டார்கள் என்று சந்தேகம். இல்லை, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசுதான் காரணமோ என்றும் கேட்கிறார்.

படங்களைப் பார்த்தேன். நுனி இலைகள் ஒடுங்கி நீண்டிருக்கின்றன. நரம்புகள் நெருங்கி இணையாக ஓடுகின்றன. தண்டு முறுக்கிக்கொண்டு அடியில் வெடித்திருக்கிறது. மேட்டுத் தூசு மூச்சுக்குக் கேடுதான்; ஆனால் தண்டை இப்படி முறுக்காது. பாராகுவாட் என்றால் வெயில் பட்ட சில மணி நேரத்தில் இலை கருகியிருக்கும். கிளைபோசேட் என்றால் மெல்ல மஞ்சளித்துச் செத்திருக்கும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்றால் இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து செடி குட்டையாகும். இந்த அடையாளங்கள் 2,4-டி இனத்துக் களைக்கொல்லியைக் காட்டுகின்றன.

2,4-டி, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிப்பது. செடி வளர ஆக்சின் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அது செல்லுக்குள் எதைத் தொடுகிறது என்பது 2005-ல்தான் தெரிந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கதை இது. வளர்ச்சி மரபணுக்களை ஒரு புரதம் தடுத்து வைத்திருக்கிறது. டி.ஐ.ஆர்.1 என்ற இன்னொரு புரதத்தில் ஒரு குழி உண்டு. ஆக்சின் அந்தக் குழியில் விழுந்ததும் பசையாகிறது. தடுப்புப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. செல் அதைக் குறியிட்டு நொறுக்குகிறது. தடை விலக, மரபணு வேலையைத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் செடி ஆக்சினைச் செயலிழக்க வைத்துவிடும். 2,4-டியும் அதே குழியில் பொருந்தும். ஆனால் தக்காளிக்கு அதை எளிதில் ஒழிக்கத் தெரியாது.

சுரங்கச் சங்கை நினைத்துப் பாருங்கள். சங்கு ஊதினால் ஷிப்ட் இறங்கும். ஊதிய சங்கு நிற்கவே இல்லையென்றால்? முதல் ஷிப்ட் ஏறுமுன் இரண்டாவது இறங்கும், அதன்மேல் மூன்றாவது. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு ஓய்வில்லை, கயிறு தேயும். எல்லோரும் கல்லை உடைக்க, முட்டுக் கொடுக்க ஆளிருக்காது. வீட்டில் உலை வைக்கவும் ஆளிருக்காது. உடைத்த கல்லே வழியை அடைக்கும். தக்காளித் தண்டிலும் செல்கள் தாறுமாறாகப் பெருகி, உணவு போகும் குழாய்களை நசுக்குகின்றன. மிதமிஞ்சிய வளர்ச்சியிலேயே செடி பட்டினி கிடந்து சாகிறது.

ராகி தப்பித்துவிடும். புல்லினம் இந்த மருந்தைச் சீக்கிரம் செயலிழக்க வைத்துவிடுவதால்தான் ராகி வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு இதை அடிக்கிறார்கள். கோலாரில் ராகியும் தக்காளியும் அக்கம்பக்கத்தில் விளைகின்றன. காற்றில் வந்த மிகச் சிறு துளிகளே தக்காளிக்குப் போதும்.



காற்றில் மட்டுமல்ல, உரத்திலும் இது வரலாம். பிரிட்டனில் 2008-ல் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலரின் தக்காளியும் பீன்ஸும் இப்படியே சுருண்டன. காரணம் அவர்கள் போட்ட தொழு உரம். மேய்ச்சல் நிலத்தில் அடித்த அமினோபைரலிட் என்ற இதே வகை மருந்து, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு வெளியே வந்திருந்தது. அந்த ஆண்டே அதன் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே, வாசகரே, முதலில் சேதம் எங்கே அதிகம் என்று பாருங்கள். வயல் பக்கம் கடுமையாகவும் உள்ளே வர வரக் குறைவாகவும் இருந்தால் காற்றில் வந்தது. உரம் போட்ட பாத்தி மட்டும் என்றால் உரம். அங்கங்கே திட்டுத்திட்டாக என்றால் ஊற்றியிருக்கலாம். ஊற்றியவர் யார் என்று எந்த இலையும் சொல்லாது. ‘விஷமுறிவு டானிக்’ என்று விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். செடிக்குள் போன 2,4-டியை முறிக்கும் டானிக் கிடையாது. பாதிக்கப்பட்ட செடியின் காயைச் சமைக்க வேண்டாம். ஒரு தொட்டியில் அந்த மண்ணையும் இன்னொன்றில் வேறு நல்ல மண்ணையும் போட்டு, இரண்டிலும் அவரை விதையுங்கள். மூன்று வாரத்தில் இரண்டும் ஒரேபோல் வளர்ந்தால் மறுபடி நடலாம். படங்களையும் ஒரு செடியையும் எடுத்துக்கொண்டு கோலார் கிருஷி விஞ்ஞான் கேந்திரத்துக்குப் போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.