பதுக்கி வைத்தவருக்கும் தண்டனை உண்டு

கொலை நடந்த மறுநாள் ஊரில் இரண்டு வேலை நடக்கும். செய்தவனை உறவுக்காரர் தோட்டத்தில் பதுக்குவது ஒன்று. நடந்தது கொலையே இல்லை என்று ஆக்குவது இன்னொன்று. கேட்டால், "நாங்களா வெட்டினோம்? சோறுதானே போட்டோம்" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதமும் தயாராக இருந்தது. முதல் குற்றவாளி யுவராஜ் 100 நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டார். நாமக்கல்லில் இருந்து நம் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கில் 2022 மார்ச்சில் 10 பேர் தண்டிக்கப்பட்டனர். யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

குற்றவாளி என்று தெரிந்தே, தப்பவைக்கும் நோக்கத்தோடு இடம், சோறு, பணம், வண்டி எது கொடுத்தாலும் அது அடைக்கலம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 249ஆம் பிரிவு (பழைய 212) இதைச் சொல்கிறது. கொலையாளிக்கு அடைக்கலம் தந்தால் 5 ஆண்டு வரை சிறை. கணவன், மனைவிக்கு மட்டுமே விலக்கு; பெற்ற தாய்க்குக்கூடக் கிடையாது. தடயத்தை அழித்தால் 238ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 3(2) பிரிவின் ஆறாவது கூறை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். வன்கொடுமை நடந்தது தெரிந்தும், குற்றவாளியைக் காப்பாற்றத் தடயத்தை மறைத்தாலோ, பொய்த் தகவல் தந்தாலோ, அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை மறைத்தவருக்கும் உண்டு. (பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களுக்கே இப்பிரிவு பொருந்தும்.)

காக்கிச் சட்டைக்கும் விலக்கில்லை. 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். காவல்துறையோ பறிகொடுத்த முருகேசன் தரப்பாரையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. சிபிஐ விசாரணையில் அந்த ஜோடிப்பு உடைந்தது. 2021இல் கடலூர் நீதிமன்றம் அப்போதைய இன்ஸ்பெக்டருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரு காவல் அதிகாரிகள் மீதான தீர்ப்பை உறுதி செய்தது. இதற்கு 22 ஆண்டு ஆனதுதான் நம் வயிற்றெரிச்சல்.

நம் மக்கள் புகார் எழுதும்போது வெட்டியவர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக்கறையைக் கழுவியவர் யார், பைக்கில் ஏற்றிப்போனவர் யார், தற்கொலை என்று முதலில் போன் செய்தவர் யார் என்பதையும், தெரிந்தவரை, எழுதிக் கொடுங்கள். வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அவரிடமும் ஒரு பிரதி கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.